இலையே சாட்சி: தொண்டை நாட்டு முல்லை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடிக்கு அருகே உள்ள திருமுல்லைவாயில் ஒரு கொடியின் பெயரைத் தாங்கிய ஊர். புழலில் கோட்டை கட்டி ஆண்ட ஓணன், வாணன் என்னும் குறும்பர் தலைவர்கள் மீது படைகொண்டு சென்ற தொண்டைமானின் யானை இங்கு முல்லைப் புதரில் கால் சிக்கி நின்றது என்றும், கொடியை அறுக்க அவன் வீசிய வாள் உள்ளே மறைந்திருந்த லிங்கத்தின் மேல் பட்டது என்றும், அவ்விடத்தில் எழுந்ததே மாசிலாமணியீசர் கோயில் என்றும் தலபுராணம் கூறும். தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடி கட்டிய செய்தி சுந்தரர் பதிகத்திலேயே இடம்பெறுவதால், இக்கதைக்கு வயது ஏறத்தாழ 1,200 ஆண்டு. தோட்டத்துப் பந்தலில் மெல்லிய கொடியை மட்டுமே கண்டவர்களுக்கு யானை சிக்கியது மிகையாகத் தோன்றலாம். ஆனால் சோழமண்டலக் கரையின் வறண்ட புதர்க்காடுகளில் தானே வளரும் முல்லை, காரை, சூரை முதலிய முட்செடிகளோடு பின்னி அடர்ந்து நிற்பது.

அந்த முல்லை எது என்பதே உண்மையான சிக்கல். முல்லை, மௌவல், தளவம், பித்திகம் என ஒரே குடும்பத்துப் பூக்களைச் சங்கப் புலவர்கள் தனித்தனியே பெயரிட்டு வழங்கினார்கள் எனினும், எப்பெயர் எச்செடிக்கு உரியது என்பதில் உரைகாரர்களும் பிற்கால அறிஞர்களும் ஒன்றுபடவில்லை. வட்டார வழக்கோ இன்னும் குழப்பமானது: வட தமிழகத்தார் ஜாதிமல்லி என்பதைத் தெற்கே பிச்சி என்பார்கள், மலையாளத்தில் முல்லை என்னும் பெயர் தமிழரின் குண்டுமல்லியையும் தழுவும், நூல்களில் காக்கணம் எனப்படும் கொடி நீலச் சங்குப்பூவாக இருக்க, பூக்கடையில் காக்கட்டான் என்று கேட்டால் கிடைப்பது வெள்ளை மல்லிகை வகை ஒன்று.

பெயரையும் செடியையும் ஒருங்கே பதியும் முயற்சி இப்பகுதியில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவரான சாமுவேல் பிரவுன் 1690களில் சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தி, அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். மருந்து வணிகரான ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை விவரித்து அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில் லின்னேயஸ் 1753இல் குண்டுமல்லியைப் பவழமல்லியோடு ஒரே பேரினத்தில் சேர்த்து வைத்தது, அறிஞரும் தடுமாறுவர் என்பதைக் காட்டுகிறது. தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த 1794இல், கோபன்ஹேகனைச் சேர்ந்த மார்ட்டின் வால் முல்லைக்கு ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் என்று பெயரிட்டார். பின்பாதிச் சொல் சிறு காதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

காது பூவில் இல்லை, இலையில் இருக்கிறது. முல்லையின் இலைக்காம்பில் பெரிய சிற்றிலை ஒன்றும், அதன் அடியில் இருபுறமும் காதுமடல் போன்ற மிகச் சிறிய சிற்றிலைகள் இரண்டும் அமையும். சில இலைகளில் அவ்விரண்டும் இல்லாமலே போவதால், ஒரே இலையைப் பார்த்து முடிவு கட்டாமல் கொடி முழுவதையும் பார்ப்பது அவசியம். குண்டுமல்லிக்குத் தனி இலைகள் எதிரெதிரே வரும். ஜாதிமல்லியிலோ ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். மாலையில் மலர்வது என்னும் குறிப்பு, கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் முல்லைத் திணைக்கு உரியவையாக வகுத்த இலக்கியத்துக்குப் பொருந்துமே தவிர, குண்டுமல்லியும் அந்திக்குப் பின் மலர்வதால் கொடியை அடையாளங்காணப் போதாது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி வீட்டு மதில்களில் முல்லையோடு போட்டியிடும் ரங்கூன் மல்லி மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. வெள்ளையாக மலர்ந்து, இளஞ்சிவப்பாகிப் பின் செந்நிறமாகும் அக்கொடி மருதமரத்துக்கு உறவு.

முல்லையை இலையால் அறியும் வழிக்கும் ஒரு இடையூறு உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை ஒன்று தாக்கினால், இலையும் மொட்டும் வெண்மையான கம்பளி படர்ந்ததுபோல் உருமாறிவிடும். இதைத் தாங்கும் முல்லை வகை ஒன்றைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கொடி படரத் தேரைக் கொடுத்த வள்ளலின் நினைவாக அதற்குப் பாரிமுல்லை என்று பெயர்.