மலைச்சரிவைப் படமாக்கிய வரலாறு

இலங்கையின் மலைச்சரிவுகளை ஆபத்தின் அளவுக்கேற்ப வலயங்களாக வரைந்து காட்டும் பணி 1990-இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கியது. ஐ.நா. உதவியுடன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதை மேற்கொண்டது. பாறையமைப்பு, சரிவுக் கோணம், மேல்மண்ணின் தடிப்பு, நீரோட்டம், நிலப்பயன்பாடு, நிலவடிவம் ஆகிய ஆறு காரணிகளுக்கும் புள்ளியிட்டு, அவற்றின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியதும் ஆபத்து வலயங்கள் துலங்கின. தேயிலை மூடிய மலையில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒன்று அப்போதுதான் காட்சியானது. 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த உயரத் தரவுகள், இம்மலைகளைக் கணினித் திரையில் முப்பரிமாணமாக எழுப்பவும் வழிசெய்தன.

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் வாழ்ந்த லயன் வீடுகளைப் புதைத்தது. அது ஆபத்தான இடமென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் சொந்தக் காணியோ மாற்று வீடோ இல்லாத தோட்டக் குடும்பங்களால் எங்கே பெயர முடியும்? வரைபடம் தன் வேலையைச் செய்திருந்தது, குடியமர்த்தல்தான் பின்தங்கியது. உயிர்தப்பிய குடும்பங்களுக்குப் பூனாகலை மகல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகள் 2016-இல்தான் கையளிக்கப்பட்டன.