நொச்சி ஒத்தடத்தின் வரலாறு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், தாம்பரத்திற்கு முந்திய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம் என்பது. மாணவர் பலர் நாள்தோறும் அந்நிலையத்தைக் கடந்து கல்லூரிக்குச் செல்கின்றனர். அப்பெயர் எவ்வாறு வந்தது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே ஆவர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்பார், காசநோயால் வருந்துவோர்க்குத் தூய காற்றும் நல்லுணவும் ஓய்வும் அளித்துக் குணப்படுத்தும் நோக்கத்துடன் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். 1937இல் அதனை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அந்த நிலையமே ஊருக்கும் ரயில் நிலையத்திற்கும் பெயரைக் கொடுத்தது.

அதே சானடோரியம் பகுதியில், 2005ஆம் ஆண்டில், அந்நாளைய பிரதமர் மன்மோகன் சிங் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத் திறந்து வைத்தார். அதன் மருத்துவமனை, சித்த மருத்துவராகவும் இதழாசிரியராகவும் விளங்கிய அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) பெயரைத் தாங்கி நிற்கிறது. மேனாட்டு மருத்துவமும் தமிழ் மருத்துவமும் ஒரே ஊரில், அடுத்தடுத்து நின்று நோயாளரை வரவேற்கும் காட்சி இது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு செடி நினைவிற்கு வரும். அதுவே நொச்சி. அதன் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நொச்சியை அறியாத மாணவர் இப்பொழுது இருக்கக்கூடும். அது பெரும்புதராகவோ சிறு மரமாகவோ வளர்வது. ஒரு காம்பில் ஐந்து இலைகள் விரிந்த கைவிரல்களைப் போல நிற்கும். சில வேளை மூன்றே இருப்பதும் உண்டு. இலையின் மேற்புறம் பச்சை. அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. பூ, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தது. கசக்கினால் மூக்கில் ஏறும் மணம் உடையது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் நகரோடு சேராத நாளில், வாய்க்கால் கரைகளிலும் தோட்ட வேலிகளிலும் நொச்சியைக் காண்பது எளிது. சளி பிடித்தவர்க்கு அதன் இலையைக் கொதிக்கவைத்து வேது பிடிப்பர். கால் பிசகினாலும், அடிபட்டு இரத்தம் கட்டினாலும், இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்துத் துணியால் கட்டுவர். இதற்கு வைத்தியரை அழைப்பதில்லை. வீட்டுப் பாட்டியே போதும்.

நம் நாட்டில் நொச்சியின் புகழ் மிகப் பழையது. சங்க காலத்தில் மதிலைக் காத்து நின்று போர் புரிந்த வீரர் நொச்சி சூடினர். அதனால் மதில் காக்கும் போருக்கே நொச்சி என்று பெயர் அமைந்தது. மகளிர் அதன் தழையை உடையாக அணிந்ததையும் புறநானூற்றுப் புலவர் பாடியுள்ளனர். போரில் புண்பட்ட வீரனைப் பேணிய முறையும் அந்நூலில் உண்டு. வீட்டில் வேப்பிலை செருகுவர், வெண்சிறுகடுகைப் புகைப்பர், இசை பாடி அவனை ஆற்றுவர். ஆனால் எந்த இலையை எவ்வளவு எடுத்து, எத்தனை நாள் கட்ட வேண்டும் என்பதைச் சொல்வது புலவரின் வேலை அன்று. அந்த அறிவு வாய்வழியாகவும் வைத்தியரின் ஏட்டுச்சுவடி வழியாகவும் வந்தது.

இனி, கடல் கடந்து வந்தவர்கள் இதில் காட்டிய ஆர்வத்தைப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனியின் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் என்பவர், சுற்றுப்புறச் செடிகளைப் பறித்து உலர்த்தி, அவற்றின் உள்ளூர்ப் பெயர்களையும் பயன்களையும் எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர் அவற்றை ஒழுங்குபடுத்தி, அரசவைக் கழகத்தின் இதழில் 1698ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார். நம் ஊர் வேலிச் செடிகள் அச்சேறிய தொடக்க நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

நொச்சியைப் பற்றித் தெளிவாக எழுதியவர், வங்காளத்தில் பணியாற்றிய ஜான் பிளெமிங் என்னும் மருத்துவர். 1810ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆசிய ஆராய்ச்சித் தொகுதியில், இந்திய மூலிகைகளின் பட்டியல் ஒன்றை அவர் வெளியிட்டார். மூட்டு வீக்கத்தைக் கரைப்பதில் நொச்சி இலைக்கு நிகரான பச்சிலையைத் தாம் கண்டதில்லை என்னும் கருத்தை அதில் தெரிவித்தார். அம்மட்டில் நில்லாமல் செய்முறையையும் எழுதினார். பச்சை இலையை மண்சட்டியில் இட்டு, உடல் தாங்கும் அளவு சூடு வரும்வரை அடுப்பில் வைக்க வேண்டும். பின்பு வீங்கிய இடத்தில் பரப்பித் துணியால் கட்ட வேண்டும். வீக்கம் வடியும்வரை நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை அவ்வாறு செய்ய வேண்டும். நம் பாட்டியார் செய்ததும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

சென்னையில் இப்பணி மேலும் வளர்ந்தது. கம்பெனிப் படையின் மருத்துவரான ஒயிட்லா எயின்ஸ்லி, 1813இல் சென்னையிலேயே ஒரு மருந்து நூலை அச்சிட்டார். அதனை விரித்து 1826இல் இரு பாகங்களாக இலண்டனில் வெளியிட்டார். மருந்துகளின் தமிழ்ப் பெயர்களை அவர் விடாமல் குறித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவர் மொகிதீன் ஷெரீப், 1869இல் இந்திய மருந்து நூலுக்கு ஒரு பின்னிணைப்பு எழுதினார். ஒரே செடிக்கு வெவ்வேறு மொழிகளில் வழங்கும் பெயர்களைத் திருத்தமாகத் தந்தது அதன் சிறப்பு. பெயர் தவறினால் மருந்து தவறும்; மருந்து தவறினால் உயிர் தவறும். ஆதலின் அது சிறு பணியன்று.

இங்கே ஐரோப்பாவிலுள்ள ஒரு மரத்தின் வரலாற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஆங்கிலேயர் அதனை ‘ஹார்ஸ் செஸ்ட்நட்’ என்பர்; நாம் குதிரைச் செஸ்ட்நட் என்போம். பால்கன் மலைகளில் தோன்றிய அம்மரம் 16ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரிலிருந்து மேற்கே சென்றது. மூச்சுத் திணறும் குதிரைகளுக்குத் துருக்கியர் அதன் விதையைக் கொடுத்தனர் என்ற செய்தியும் உடன் சென்றது. 1576இல் குளூசியஸ் என்னும் தாவர அறிஞர் அதன் விதையைப் பெற்று வியன்னாவில் வளர்த்தார். நாளடைவில் அது ஐரோப்பியச் சாலைகளில் நிழல் மரமாயிற்று. வீங்கிய காலுக்கும் கன்றிய தோலுக்கும் அதன் விதையை மக்கள் கைமருந்தாகக் கொண்டனர். நம் நாட்டு இமயமலைச் சாரலிலும் அம்மரத்தின் இனமொன்று வளர்கிறது. தாம்பரம் போன்ற வெப்பமான சமவெளி அதற்கு ஏற்றதன்று.

அந்த விதைக்கு நேர்ந்த மாற்றம் கருதத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் வேதியியலார் அதிலிருந்து ஏஸ்சின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதை அது குறைக்கிறது என்று கண்டனர். பச்சை விதையில் நஞ்சு உண்டு என்பதையும் அறிந்து, அந்த நச்சுப்பகுதியை நீக்கினர். மாத்திரை ஒவ்வொன்றிலும் ஏஸ்சின் இவ்வளவு மில்லிகிராம் இருத்தல் வேண்டும் என்று அளவிட்டனர். கால் நாளங்களின் தளர்ச்சியால் வரும் வீக்கத்திற்கு அதனைக் கொடுத்துப் பல சோதனைகள் நடத்தினர். 2012இல் புதுப்பிக்கப்பட்ட கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அத்தகைய 17 சோதனைகளை ஆராய்ந்து, குறுகிய காலத்திற்கு அம்மருந்து பயன் தருகிறது என்று கூறியது. மேலும் பெரிய சோதனைகள் வேண்டும் என்றும் சேர்த்துக் கூறியது. குதிரைக்குக் கொடுத்த கைமருந்து, அளவும் எல்லையும் அறிந்த மருந்தாயிற்று.

நொச்சி அந்த நிலையை எய்தியதா? முற்றிலும் எய்தவில்லை. முயற்சிகள் இல்லாமற் போகவும் இல்லை. 1921இல் சென்னை அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு வைத்தியர்களிடம் வினாக்களை அனுப்பி விடைகளைத் திரட்டி, 1923இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1925இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. குழுவின் செயலாளராக இருந்த கேப்டன் சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வரானார். 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி அமைந்தது. தாம்பரத்து நிறுவனம் இந்தப் பாதையின் பிற்கால மைல்கல்.

ஆய்வுக்கூடத்திலும் சில விளக்குகள் ஏற்றப்பட்டன. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் உடுப்பாவும் அவருடன் பணியாற்றியோரும், எலும்பு முறிந்த எலிகளுக்குப் பிரண்டையைக் கொடுத்து, எலும்பு கூடும் விதத்தை ஆராய்ந்தனர். 2003இல் இலங்கை ஆய்வாளர்கள் நொச்சியின் பச்சை இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, வீக்கமும் வலியும் தணிவதைக் கண்டு எழுதினர். எலியில் கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்று உடனே முடிவு கட்டுதல் கூடாது. ஆயினும் பாட்டியின் சொல் வெறுஞ்சொல் அன்று என்பதற்கு அது ஒரு சான்று.

மாணவர்களே! இதுவரை நொச்சியின் பெருமையைச் சொன்னேன். இனி என் சிறுமையையும் சொல்லியாக வேண்டும்.

1986ஆம் ஆண்டு. நான் தென்சென்னைப் புறநகர்ப் பள்ளி ஒன்றில் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஒரு நாள் மாலை சடுகுடு ஆட்டத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கையை ஊன்றிக் கீழே விழுந்தான். மணிக்கட்டு வீங்கிற்று. பள்ளியின் பின்வேலியில் நொச்சி இருந்தது. நானே பறித்து, வதக்கி, ஒத்தடம் கொடுத்துக் கட்டினேன். மறுநாள் வீக்கம் பெரிதும் வடிந்திருந்தது. வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி, “பார்த்தீர்களா, நம் முன்னோர் மருத்துவத்தை!” என்று பெருமையுடன் பேசினேன். பையன் புன்னகை செய்தான். கையை மட்டும் மடியிலேயே வைத்திருந்தான்.

ஆறாம் நாள் அவன் தாயார் வந்தார். “ஐயா, வீக்கம் போயிடுச்சு, ஆனா பையன் இராத்திரியில வலியில அழறான். பேனாவைப் பிடிக்க முடியலீங்க” என்றார். அன்றே எக்ஸ்ரே எடுக்கச் செய்தேன். எலும்பு முறிந்து, விலகிய நிலையிலேயே கூடத் தொடங்கியிருந்தது. பின்னர்ச் சிகிச்சை பெற்றும் அவன் மணிக்கட்டில் ஒரு சிறு கோணல் நின்றுவிட்டது. அவனோ அவன் தாயாரோ என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை ஆயிற்று.

எங்கே தவறினேன்? நொச்சி தன் வேலையைச் செய்தது, வீக்கத்தைக் குறைத்தது. வீக்கம் என்பது நோயன்று. உள்ளே நேர்ந்ததை அறிவிக்கும் மணி. அடிபட்டவுடன் நுண்குழாய்கள் விரிந்து, நீரும் இரத்தமும் சுற்றுத் தசையில் கசிகின்றன. தோல் கன்றுவதும் பருப்பதும் அதனால்தான். மணியின் ஒலியை நான் அடக்கினேன்; வாயிலில் யார் நிற்கிறார் என்று திறந்து பார்க்கவில்லை. பிளெமிங் கைக்கொண்ட முறையை நான் நூலில் படித்திருந்தேன். அவர் அதைச் சொன்னது மூட்டுவாத வீக்கத்திற்கு. விழுந்து முறிந்த எலும்பிற்கு அன்று. எந்த நோய்க்குச் சொன்னார் என்பதை விட்டுவிட்டு, என்ன மருந்து சொன்னார் என்பதை மட்டும் நினைவில் கொண்டேன். மேலும், புதிதாக அடிபட்ட இடத்தில் முதல் நாள் சூடு வைப்பது கசிவை மிகுவிக்கக்கூடும். அப்போது குளிர்ந்த ஒத்தடமும் அசையாத ஓய்வுமே ஏற்றவை என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை.

நொச்சியின் வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் இதுதான். ஒரு மருந்து பழையது என்பதனால் மட்டும் உயர்ந்ததாகிவிடாது. நாட்டு மருந்து என்பதனால் தாழ்ந்ததும் ஆகாது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது, எவ்வளவு, எத்தனை நாள் என்பவற்றைப் பார்த்து எழுதி வைத்தவர்களாலேயே மருத்துவம் வளர்ந்தது. சாமுவேல் பிரவுன் பெயரெழுதினார். பிளெமிங் செய்முறை எழுதினார். மொகிதீன் ஷெரீப் பெயர்களைத் திருத்தினார். உஸ்மான் குழு வைத்தியரின் சொல்லைப் பதிந்தது. எலும்பையும் வீக்கத்தையும் அளந்தவர்கள் எண்களை எழுதினர். எழுதாமல் விட்ட பாட்டிமார் எத்தனை பேர்! அவர்கள் அறிவும் அவர்களோடு போயிற்று.

உங்கள் வீட்டிலும் அத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். இன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர் அருகில் சென்று அமருங்கள். எந்த இலை, எந்த நோய்க்கு, எவ்வளவு என்று கேளுங்கள். “எப்பொழுது இது பலிக்காமற் போயிற்று, பாட்டி?” என்பதையும் தவறாமல் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை 1986இல் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு பையனின் மணிக்கட்டு இன்று நேராக இருந்திருக்கும்.