சுவரில் ஏறிய சுல்தான்

உதுமானிய மன்னர்கள் தம் உருவப்படம் வரைவித்ததே இல்லை என எண்ணுதல் தவறு. இஸ்தான்புலை வென்ற இரண்டாம் முஹம்மது, வெனிஸ் ஓவியர் ஜென்டிலே பெல்லினியைக் கொண்டு தம்மை வரைவித்தார். 1480ஆம் ஆண்டைத் தாங்கிய அப்படம் இன்றும் உளது. ஆயினும் அத்தகைய படங்கள் அரண்மனைக்குள்ளேயே இருந்தன; குடிமக்கள் கண்டாரல்லர்.

அவ்வழக்கத்தை மாற்றியவர் இரண்டாம் மஹ்மூது (1808-1839). தம் உருவம் தீட்டிய பதக்கங்களை முதலில் உயர் அதிகாரிகளுக்கு அணிவித்தார். 1836இல் உஸ்குதாரின் ஸலீமிய்யா படைவீட்டில் அவரது படம் மாட்டப்பெற்றது. படை அணிவகுத்தது, பீரங்கி முழங்கிற்று, ஷைகுமார்கள் துஆவும் ஓதினர். அந்தத் துஆதான் நமக்குப் பெருவியப்பு! பின்னர் அரசு அலுவலகங்களிலும் படம் ஏறிற்று.

படத்தில் மக்கள் கண்டது யாரை? 1826இல் யெனிசேரிப் படையை ஒழித்தவரை. தலைப்பாகையை நீக்கித் துருக்கித் தொப்பியும் ஐரோப்பிய உடையும் பூண்டவரை. நம் முன்னோர் பெருமையோடு அணிந்த அத்தொப்பி, துருக்கியில் அன்று பலருக்கு ஆகாததாயிருந்தது! 'கியாவூர் பாதிஷா', அதாவது காஃபிர் மன்னர், என மக்கள் முணுமுணுத்தனர். 1837இல் தர்வேஷ் ஒருவர் பாலத்தின்மீது சுல்தானின் குதிரையை மறித்து அவ்வாறே கூவி, உயிரிழந்தார் என்பர் வரலாற்றாசிரியர்.

வெறுப்பு வண்ணத்தின்மீதன்று, படத்திற்குச் செய்வித்த மரியாதையின்மீதே என்பது நம் கருத்து. அவருடைய பேரர் இரண்டாம் அப்துல் ஹமீது (1876-1909) இதனை உணர்ந்திருந்தார் போலும். புகைப்படக் கலையில் பெருவிருப்புடையவராயிருந்தும், தம் படத்தைப் பொதுவிடங்களில் வைக்க அவர் இசையவில்லை. துக்ரா எனும் எழுத்து முத்திரையே அவ்விடத்தை நிரப்பிற்று.