வெப்பமண்டல வளிமண்டலத்தில் பெருஞ்சுழல்களின் உந்தக் கடத்தல்

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த காற்றுச் சுழல்களும் அலைகளும் கிழக்கு–மேற்கு உந்தத்தை ஓர் அட்சரேகையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வது பெருஞ்சுழல் உந்தக் கடத்தல் எனப்படும். ஒரே அட்சரேகையில் பூமியைச் சுற்றிலும் எடுத்த சராசரிக் காற்றிலிருந்து எது விலகி நிற்கிறதோ, அதுவே வானிலையியலில் சுழல். 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலைக் கலக்கிய ஒக்கிப் புயல் இந்தக் கணக்கில் சிறியது.

பூமியின் சுழற்சியால் நிலநடுக்கோட்டில் நிலம் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. 8 பாகை வடக்கிலுள்ள கன்னியாகுமரியில் 460 மீட்டர். நிலநடுக்கோட்டில் அசையாமல் நின்ற காற்று தன் கோண உந்தத்தை இழக்காமல் குமரிமுனைக்கு வந்தால், நொடிக்கு 9 மீட்டர் வேகமுள்ள மேல்காற்றாக, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றாக, இருக்கும். 465இல் 460 போனால் 5தானே என்று கேட்கலாம். பூமியின் அச்சை நெருங்க நெருங்கக் காற்று தானும் வேகமெடுப்பதால் அது ஏறக்குறைய இரட்டிக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. தென்னரைக்கோளத்தின் வியாபாரக் காற்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் நிலநடுக்கோட்டைக் கடந்து, திரும்பி, அரபிக்கடல் வழியாகத் தீபகற்பத்துக்கு வருகிறது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இந்தத் தாழ்நிலைத் தாரைக்காற்றை இந்தியாவின் மீது ஜோசப், ராமன் இருவரும் 1966இலும், அதன் முழுப் பாதையை ஃபிண்ட்லேட்டர் 1969இலும் விவரித்தனர். தென்கரை மீனவர் கச்சான் என்று சொல்லும் காற்று இதன் அடிப்பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலை முடியுமிடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் அதை நெருக்கிப் பிழிந்து அனுப்ப, முப்பந்தல் காற்றாலைகள் அதில் ஒரு துளியைப் பிடிக்கின்றன. மீதியில் ஒரு பங்கு மரத்திலும் மண்ணிலும் மலையிலும் மோதிப் பூமியைக் கிழக்கே தள்ளுகிறது. கிழக்கிலிருந்து வரும் கீழைக்காற்று வீசும் வட்டாரங்களில் நடப்பது இதற்கு நேரெதிர். ஆண்டுக்குள் நாளின் நீளம் மில்லிநொடிக்கும் குறைவான அளவில் கூடிக் குறைவது பெரும்பாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

இந்தத் தாழ்நிலைக் காற்று வீசும் ஆடி மாதத்தில் நாகர்கோவிலுக்கு மேலே, 14–16 கிலோமீட்டர் உயரத்தில், காற்று கிழக்கிலிருந்து பாய்கிறது. இந்த வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்றை 1958இல் விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம். வங்கக் கடலின் வட பகுதியில், 20 பாகையில், மேலெழுந்த காற்று உந்தம் குறையாமல் குமரிக்குத் திரும்பினால் நொடிக்கு 46 மீட்டர் கீழைக்காற்றாக இருக்க வேண்டும். அசல் தாரைக்காற்று பெரும்பாலும் அதற்குக் குறைவாகவே வீசுகிறது. உராய்வு, அழுத்த வேறுபாடு, சுழல்கள் ஆகிய மூன்றும் இடையில் புகுந்து கணக்கை மாற்றிவிடுகின்றன.

சுழல் எப்படி உந்தத்தைக் கடத்துகிறது? நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பேருந்துகளும் திரும்பி வரும் பேருந்துகளும் எண்ணிக்கையில் சமம். போகும்போது நிறைந்தும் வரும்போது காலியாகவும் இருந்தால் ஆட்கள் இடம் மாறிவிடுகிறார்கள். சுழலின் வடக்கே போகும் பக்கத்தில் மேல்காற்று வலுத்து, தெற்கே வரும் பக்கத்தில் தளர்ந்தால், காற்றின் அளவு மாறாமலே உந்தம் வடக்கே போய்ச் சேரும். சரியான வட்டமான சுழல் எதையும் கடத்தாது. சாய்ந்த சுழலே கடத்தும். வடவரைக்கோளத்தில் தென்மேற்கு–வடகிழக்காகச் சாய்ந்தவை மேலை உந்தத்தை வடக்கே அனுப்புகின்றன. மிதவெப்ப மண்டல மேல்காற்றுகள் ஓயாதிருக்க இத்தகைய கடத்தல் வேண்டும் என்று ஹெரால்டு ஜெஃப்ரிஸ் 1926இலேயே சொன்னார்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய கதை வேறு. இந்தோனேசிய மழைமேகங்கள் விடுவிக்கும் வெப்பத்துக்குக் கிழக்கே நிலநடுக்கோட்டை ஒட்டி ஓடும் கெல்வின் அலையும் மேற்கே அதன் இருபுறமும் இரட்டை ராஸ்பி சுழல்களும் உருவாகின்றன. மாட்சுனோ (1966), கில் (1980) ஆகியோரின் கோட்பாடு இது. இவற்றின் சாய்வு மேலை உந்தத்தை நிலநடுக்கோட்டை நோக்கிக் குவிக்கிறது. இத்தகைய குவிப்பு மிகுந்தால் மேல்வளி கோளையே முந்தலாம்: வெள்ளிக் கோள் 243 நாளில் ஒருமுறை சுழல, அதன் மேல்வளி சுமார் 4 நாளில் சுற்றிவிடுகிறது. அங்கும் அலைகள் உந்தத்தைக் குவிப்பதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. பூமியில் அப்படி ஆகாததற்கு, வெப்பமண்டலத்தில் எழுந்து இறங்கும் காற்றோட்டமான ஹாட்லி சுழற்சி பருவந்தோறும் நிலநடுக்கோட்டைக் கடந்து கீழை உந்தத்தைக் கொண்டுவந்து ஈடுகட்டுவது ஒரு காரணம். நம் பருவக்காற்றுக்கு அதில் பெரும் பங்குண்டு.

இந்தக் கடத்தலை ஓரிடத்தில் நின்று அளந்துவிட முடியாது. திருவனந்தபுரத்தில் ஏறும் வானிலைப் பலூனின் பதிவு, அதே அட்சரேகையிலுள்ள பிற பதிவுகளோடு சேரும்போதுதான் பொருள் தருகிறது.

அலைகள் உந்தத்தைச் செங்குத்தாகவும் ஏற்றுகின்றன. நிலநடுக்கோட்டு அடுக்கு மண்டலத்தில் கீழைக்காற்றும் மேல்காற்றும் ஏறத்தாழ 28 மாதத்துக்கு ஒரு சுற்றாக மாறிமாறி வீசுவதை லிண்ட்சன், ஹோல்டன் 1968இல் இவ்வாறே விளக்கினர். 2016 தொடக்கத்தில், 1953 முதலான பதிவுகளில் முதல்முறையாக, அந்த ஒழுங்கு முறிந்தது. வடக்கே மிதவெப்ப மண்டலத்திலிருந்து வந்த ராஸ்பி அலைகள் கீழை உந்தத்தைச் செலுத்தியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. 2019–20இல் மீண்டும் ஒருமுறை அது முறிந்தது.