போலிக் குளிசையைக் காட்டிக்கொடுத்த மின்னிறக்கம்



நம் கையிலுள்ள குளிசை உண்மையா, போலியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? 2000ஆம் ஆண்டுகளில் தென்கிழக்காசியாவில் ‘ஆர்ட்டிசுனேட்’ என்ற மலேரியா மருந்தின் போலிகள் கடைகளில் நிறைந்திருந்தன. பெட்டியில் ஹொலோகிராம் முத்திரைகூட இருந்தது. அதை நம்பிக் குடித்து உயிரிழந்தோரும் உண்டு. அந்தப் போலிகளை அடையாளம் காண உதவிய ஒரு கருவியின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

மூலக்கூறுகளை அயன்களாக்கி அவற்றின் திணிவை அளப்பது திணிவு நிறமாலைமானி. இதன் தொடக்கமே மின்னிறக்கம்தான். 1913இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன், கண்ணாடிக் குழாயில் அடைத்த வாயுவினூடாக மின்னைச் செலுத்தி, நியோனில் 20, 22 என இரு திணிவுள்ள அணுக்கள் இருப்பதைக் கண்டார். நியோன் விளம்பரப் பலகையில் நாம் காணும் ஒளிர்வும் அதே பிளாஸ்மாதான்.

ஆனால் அந்த மின்னிறக்கம் நெடுங்காலம் குழாய்க்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. பிற்கால முறைகளிலும் பெரும்பாலும் மாதிரியை அரைத்து, கரைத்து, வடித்துத்தான் கருவிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது.

வழி திறந்தது இந்த நூற்றாண்டில். அமெரிக்காவில் ரொபர்ட் கோடி, ஜேம்ஸ் லாரமி ஆகியோர், இரசாயன ஆயுதங்களைக் கண்டறியும் கையடக்கக் கருவிகளில் இருந்த கதிரியக்க மூலத்துக்கு மாற்றுத் தேடினார்கள். அதிலிருந்து பிறந்தது ‘டார்ட்’. 2004இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹம் குக்ஸின் குழு, மின்னேற்றிய திரவத் துளிகளைத் தெளித்துத் திறந்த காற்றிலேயே பகுப்பாய்வு செய்யலாம் என்று காட்டியது. அதற்கு முன்பே உருவாகிவிட்ட டார்ட்டின் ஆய்வுக் கட்டுரை 2005இல்தான் வெளிவந்தது.

டார்ட்டின் வேலை எளிது. ஈலியம் வாயுவில் மின்னிறக்கம் நடக்கும். ஏற்றமுள்ள துணிக்கைகள் வடிகட்டப்பட்டு, அருட்டப்பட்ட ஈலியம் அணுக்கள் மட்டும் வெளியே வரும். ஒவ்வொன்றிலும் சுமார் 19.8 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி. அது காற்றிலுள்ள நீராவியை அயனாக்கும். நீராவி அயன்கள் மாதிரியின் மூலக்கூறுக்கு ஒரு புரோத்தனைக் கொடுக்கும். அந்த அயன் கருவிக்குள் உறிஞ்சப்பட்டு அளக்கப்படும். நாணயத்தாள், துணி, பழத்தோல், குளிசை எதுவானாலும் வாயுத்தாரைக்கு முன்னால் பிடித்தால் போதும்; சில செக்கன்களில் விடை.

ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவனத்தில் பகுண்டோ பெர்னாண்டஸின் குழு இந்த முறைகளால் போலி ஆர்ட்டிசுனேட்டை ஆராய்ந்தது. 2008இல் வெளியான ஒரு கூட்டு ஆய்வில், வியட்நாம், கம்போடியா, லாவோஸ், மியன்மார், தாய்லாந்து எல்லை ஆகிய இடங்களில் சேகரித்த 391 மாதிரிகளில் 195 போலி. சிலவற்றில் இருந்தது வெறும் பரசிட்டமோல். காய்ச்சல் தணியும்; நோயாளி சுகமென்று நம்புவார்; கிருமியோ உள்ளே பெருகும்.

அதே 2008இல் குக்ஸின் குழு, சாதாரண காற்றிலும் இயங்கக்கூடிய, விரலைச் சுடாத தாழ்வெப்பப் பிளாஸ்மாக் கருவியை அறிமுகப்படுத்தியது. விலையுயர்ந்த ஈலியம் கட்டாயமில்லை என்றானது.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போலி மருந்து மலேரியாவோடு போய்விடவில்லை. கருவி எல்லா ஊருக்கும் வராது. ஆகவே அனுமதி பெற்ற பாமசியில் வாங்குவோம். பற்றுச்சீட்டையும் குளிசை அட்டையையும் மருந்து முடியும்வரை வைத்திருப்போம். சந்தேகம் வந்தால் வைத்தியரிடம் காட்டுவோம். இரசாயனவியல் எதற்கு என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்வோம்.