அலுமினிய–செப்பு உராய்வுப் பற்றவைப்பு

அலுமினிய–செப்பு உராய்வுப் பற்றவைப்பு என்பது, அலுமினியத்தையும் செப்பையும் உருக்காமல், உராய்வினால் எழும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டு திண்ம நிலையிலேயே இணைக்கும் முறையாகும். இது மின்னூர்திகளின் இலித்தியம்-அயனி மின்கலத் தொகுதிகளில் மின்முனைகளையும் இணைப்புப் பட்டைகளையும் இணைக்கப் பயன்படுகிறது.

தேவை

இலித்தியம்-அயனி மின்கலத்தின் நேர்மின்வாயில் அலுமினிய மென்தகடும், எதிர்மின்வாயில் செப்பு மென்தகடும் மின்னோட்டத்தைச் சேகரிக்கின்றன. பொதுவாக இவற்றை இடம் மாற்ற இயலாது. நேர்மின்வாயின் உயர் மின்னழுத்தத்தில் செப்பு கரைந்துவிடும். எதிர்மின்வாயின் தாழ் மின்னழுத்தத்தில் அலுமினியம் இலித்தியத்துடன் கலந்து சிதையும். ஆகவே பல வகைக் கலங்களைத் தொடராக இணைக்கும்போது, ஒன்றின் அலுமினிய முனை அடுத்ததன் செப்பு முனையுடன் சேர வேண்டியுள்ளது.

இவ்விணைப்பின் மின்தடை மிகச் சிறிதாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 0.1 மில்லியோம் தடையுள்ள இணைப்பில் 200 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது 4 வாட்டு வெப்பம் தோன்றும். இணைப்பு பழுதுற்றுத் தடை பத்து மடங்கானால், 40 வாட்டு வெப்பம் ஒரே இடத்தில் குவிந்து அருகிலுள்ள கலத்தைச் சூடேற்றும்.

உருக்கி இணைப்பதில் உள்ள சிக்கல்

அலுமினியத்தின் உருகுநிலை 660 பாகை செல்சியசு. செப்பின் உருகுநிலை 1085 பாகை செல்சியசு. இரண்டும் உருகிக் கலந்தால், எளிதில் உடையும் இடையுலோகச் சேர்மங்கள் தடித்த அடுக்காகத் தோன்றுகின்றன. இவற்றின் மின்தடைத்திறன் இரு தூய உலோகங்களினதையும் விட அதிகம். திண்ம நிலை இணைப்பிலும் இவை உருவாகலாம். ஆயினும் வெப்பநிலை குறைவாக இருப்பதால் அடுக்கு மெல்லியதாகவே அமையும்.

முறைகள்

உராய்வுக் கலக்கல் முறை: 1991 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு அருகேயுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் வெய்ன் தாமசும் அவரது குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர். சுழலும் கருவியொன்றின் முளை, இரு தகடுகளும் சேரும் கோட்டில் அழுத்தி நகர்த்தப்படுகிறது. உலோகம் இளகிக் கலந்து, கருவி கடந்தபின் இறுகுகிறது. விளிம்போடு விளிம்பாக இணைக்கும்போது, கடினமான செப்பை, கருவியின் சுழற்சித் திசையும் நகர்வுத் திசையும் ஒன்றாகும் பக்கத்தில் வைத்து, முளையை அலுமினியத்தின் பக்கம் தள்ளி இயக்குவது வழக்கம்.

மீயொலி முறை: அழுத்திப் பிடிக்கப்பட்ட தகடுகளில் ஒன்றை, மேற்பரப்புக்கு இணையாக, பொதுவாக 20 முதல் 40 கிலோ ஏர்ட்சு அதிர்வெண்ணில் அதிரச் செய்கின்றனர். அதிர்வு வீச்சு சில பத்து மைக்ரோமீட்டர்களே. உராய்வு, அலுமினியத்தின் மீதுள்ள ஆக்சைடுப் படலத்தை உடைத்து விலக்க, தூய உலோகப் பரப்புகள் நேரடியாகத் தொட்டுப் பிணைகின்றன. பல மென்தகடுகளை அடுக்கி ஒரே முறையில் முனையுடன் இணைக்க இது ஏற்றது.

வரம்புகள்

- உராய்வுக் கலக்கல் முறைக்குத் தகடுகளை இறுகப் பிடிக்கும் அமைப்பு தேவை. வழக்கமான கருவியை வெளியே எடுக்குமிடத்தில் துளை எஞ்சும்.
- மீயொலி முறை தடித்த தகடுகளுக்குப் பொருந்தாது. அதிர்வு அருகிலுள்ள இணைப்புகளைப் பாதிக்கவும் கூடும்.
- இணைப்பு நீண்டகாலம் சூடாக இருந்தால் இடையுலோக அடுக்கு தடித்து, வலிமை குறையும்.
- ஈரம் பட்டால் மின்வேதி அரிப்பினால் அலுமினியம் அரிக்கப்படும். எனவே இணைப்பை ஈரம் புகாதவாறு மூடிக் காத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- பற்றவைப்பு
- இலித்தியம்-அயனி மின்கலம்
- மின்தடை