விக்கிப்பீடியாவில் எழுதுறவங்களுக்கு என்ன கிடைக்கும்? சம்பளம் இல்லை, பதக்கம் உண்டு!

சித்தன்னவாசல், திருமயம் கோட்டை என புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்த இடத்தைப் பற்றியும் செல்போனில் தேடினால் தமிழ் விக்கிப்பீடியா பக்கம் வந்து நிற்கும். அதை எழுதியவர் பெயர் கட்டுரையில் இருக்காது. சம்பளமும் கிடையாது.

எழுதியது யார்?
பக்கத்தின் 'வரலாறு' பகுதியைத் தொட்டால், யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரியும்.

பாராட்டு எப்படி?
அங்கேயே ஒரு திருத்தத்துக்கு 'நன்றி' சொல்லலாம். நல்லா பங்களிப்பவரின் பேச்சுப் பக்கத்தில் சக பயனர்களே பதக்கம் வைப்பார்கள். தேர்வுக் குழு, விண்ணப்பம் எதுவும் கிடையாது.

கருத்து மோதல் வந்தால்?
கோட்டை கட்டிய ஆண்டில் இருவர் முரண்பட்டால், மாற்றி மாற்றி அழிக்கக் கூடாது. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தோடு பேச வேண்டும். எத்தனை பதக்கம் வாங்கியவரானாலும் ஆதாரம் இல்லாவிட்டால் செல்லாது.

வெளியே அங்கீகாரம்?
தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. முன்னோடிப் பங்களிப்பாளர் இ.மயூரநாதனுக்கு 2015-ம் ஆண்டுக்கான இயல் விருதை கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் வழங்கியது. 2019-20-ல் நடந்த 'வேங்கைத் திட்டம்' கட்டுரைப் போட்டியில், இந்திய மொழிகளில் தமிழ் முதலிடம் பிடித்தது. அது தனி ஒருவர் வெற்றி அல்ல, கூட்டு உழைப்பு.

நீங்களும் எழுதலாமா?
தாராளமாக. உங்க ஊர்ப் பக்கத்தில் தப்பு இருந்தால் 'தொகு' என்பதை அழுத்தி, ஆதாரத்தோடு திருத்துங்க.